ஜிப்சம் போர்டு சுவரில் பெயின்ட் உரிந்தால், கொப்புளித்தால்: காரணம் கண்டுபிடிப்பதிலிருந்து கடைசி கோட்டு வரை

கொப்புளத்தைச் சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கோட்டு பெயின்ட் அடித்து, சில மாதத்தில் அதே இடத்தில் அதே கொப்புளம் எழுந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு அது நடந்தது குளியலறைக்குப் பின்பக்கம் இருந்த ஒரு ஜிப்சம் போர்டு சுவரில். இரண்டு முறை அடித்தேன், இரண்டு முறையும் உரிந்தது. மூன்றாவது முறை சுரண்டும்போது கீழே விழுந்த துணுக்கு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை அகலம் இருக்கும். முன்பக்கம் நான் அடித்த வெளிர்மஞ்சள். பின்பக்கம் பழுப்புக் காகிதம், நனைந்த அட்டைப்பெட்டி போல நைந்து, தொட்டால் சில்லென்று இருந்தது. சுவருக்குள் போகும் குழாய் இணைப்பில் ஊசி முனையளவு கசிவு. அதை அடைக்காதவரை அந்தச் சுவரில் எந்த பெயின்ட்டும் நின்றிருக்காது.

அன்றிலிருந்து எந்தச் சுவரானாலும் முதலில் உரிந்த துணுக்கின் முதுகைத்தான் பார்க்கிறேன். எந்த அடுக்கு கைவிட்டது என்று அங்கேயே தெரிந்துவிடும். வேலையை அந்த அடுக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் சுவரைப் புரிந்துகொள்ளுங்கள்

செங்கல் சுவரில் பெயின்ட் உரிவதற்கும் போர்டில் உரிவதற்கும் வித்தியாசம் உண்டு. செங்கல் சுவரில் பெரும்பாலும் ஓதமும் அதோடு வெளியே வரும் உப்பும்தான் காரணம். ஜிப்சம் போர்டின் நடுவில் இருப்பது ஜிப்சம், இரண்டு முகத்திலும் ஒட்டியிருப்பது கனமான காகிதம். சுவருக்கு வழக்கமாக வரும் தடிமன் 12.5 மில்லிமீட்டர். இரண்டு போர்டு சேரும் இடத்தில் டேப் ஒட்டி ஜாயின்ட் பட்டி பூசியிருப்பார்கள். அதற்கு மேல் பிரைமர், அதற்கு மேல் பெயின்ட். ஆக உங்கள் பெயின்ட் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு காகிதத்தை. அந்தக் காகிதம் நனைந்தாலோ, கிழிந்தாலோ, அதன் மேல் தூசி படிந்திருந்தாலோ, என்ன விலை கொடுத்து வாங்கிய பெயின்ட்டும் பிடிக்காது.

துணுக்கின் முதுகைப் படிப்பது

கொப்புளத்தை பிளேடால் கீறித் திறந்து, ஒரு துண்டை முழுசாக எடுங்கள். நல்ல வெளிச்சத்தில் பின்பக்கத்தைப் பாருங்கள், விரலால் தேய்த்துப் பாருங்கள்.

விரலில் வெள்ளை மாவு ஒட்டினால், உப்புத்தாள் போட்ட தூசியைத் துடைக்காமல் அடித்திருக்கிறார்கள், அல்லது ஜாயின்ட் பட்டியின் மேல் பிரைமர் இல்லாமல் நேராக பெயின்ட் அடித்திருக்கிறார்கள். புது வீடுகளில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். பட்டி பெயின்ட்டிலுள்ள தண்ணீரை மளமளவென்று உறிஞ்சிக்கொள்கிறது. பெயின்ட் பட்டிக்குள் இறங்கிப் பிடிப்பதற்குள் மேலேயே காய்ந்து தோலாகிவிடுகிறது.

பின்பக்கம் வழுவழுப்பாக, சுத்தமாக இருந்து, அடியில் தெரியும் பழைய பெயின்ட்டும் பளபளத்தால், எனாமல் போன்ற எண்ணெய் பெயின்ட்டைத் தேய்க்காமல் அதன் மேல் தண்ணீர் கலந்த எமல்ஷன் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இந்த வகை பிளாஸ்டிக் ஷீட் போல நீளமாக உரிந்து வரும். உறுதிசெய்ய, பஞ்சில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்து அடியிலுள்ள பெயின்ட்டை அழுத்தித் தேயுங்கள். எமல்ஷன் என்றால் இளகிப் பஞ்சில் வரும். எண்ணெய் பெயின்ட் அசையாது.

பழுப்புக் காகிதம் ஒட்டி வந்தால் போர்டின் தோலே கழன்றுவிட்டது என்று பொருள். ஈரம் காரணமாக இருக்கலாம், அல்லது முன்பு யாரோ சுரண்டும்போது காகிதத்தைக் கிழித்து, அதன் மேலேயே பட்டி போட்டிருக்கலாம்.

மஞ்சளாகப் பிசுபிசுத்தால் பழைய வால்பேப்பர் பசை. மாவுப் பசையா என்று பார்க்க ஒரு சொட்டு அயோடின் போதும், ஸ்டார்ச் இருந்தால் கருநீலமாகும். அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கும், குளியலறையில் சோப்புப் படலமும் இதே வேலையைச் செய்யும். கறுப்புப் புள்ளியும் மக்கிய வாடையும் வந்தால் பூஞ்சணம், அப்படியானால் ஈரம் நெடுநாளாக இருக்கிறது.

கொப்புளம் எங்கே இருக்கிறது என்பதும் ஒரு சாட்சி. சுவரின் அடிப்பகுதியில், ஸ்கர்ட்டிங்கை ஒட்டி வந்தால், தரையில் தேங்கும் தண்ணீரைப் போர்டு உறிஞ்சுகிறதா என்று பாருங்கள். போர்டின் அடி விளிம்பு தரையைத் தொடாமல் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். ஜன்னலைச் சுற்றி வந்தால் குளிர்ந்த பரப்பில் படியும் நீராவியாக இருக்கலாம். 1.2 மீட்டர் இடைவெளியில் நேர்கோடாக வந்தால், போர்டின் வழக்கமான அகலம் அதுதான், அங்கே எழுந்து நிற்பது பெயின்ட் அல்ல, இணைப்பு டேப். டேப்புக்கு அடியில் பட்டி போதாமல் காற்று நின்றிருக்கிறது. அதைப் பெயின்ட் வேலையாக நினைத்துச் சுரண்டாதீர்கள். தளர்ந்த டேப்பை வெட்டி எடுத்து, புதிதாகப் பட்டி பூசி, அது ஈரமாக இருக்கும்போதே புது டேப்பை அதில் அழுத்தி ஒட்ட வேண்டும்.

பெயின்ட் அடித்த சில நிமிடங்களில் தெரியும் குமிழி வேறு. ரோலரை வேகமாக ஓட்டினால் காற்று அடைபட்டு நுரைக்கும், காயும்போது பெரும்பாலும் தானே அமர்ந்துவிடும். ஈரத்தில் அதைக் கையால் உடைக்கப் போனால் தழும்புதான் மிஞ்சும். மறுநாள் காலை வரை விட்டுவிட்டு, அப்போதும் நின்றால் மட்டும் கை வையுங்கள்.

ஈரம் இருக்கிறதா? நான்கு சோதனைகள்

முதலாவது கட்டைவிரல். கொப்புளத்தைச் சுற்றி அழுத்துங்கள். நல்ல போர்டு மேசைப் பலகை போலக் கெட்டியாக நிற்கும். ரொட்டி போல அமுங்கினால் மேலே படிக்கத் தேவையில்லை, போர்டை வெட்டும் பகுதிக்குப் போய்விடுங்கள்.

இரண்டாவது, 45 சென்டிமீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, 24 மணி நேரம் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிமுகத்தில் நின்றால் அறைக் காற்றில் இருக்கிறது.

ஈரம் காட்டும் மீட்டர் இருந்தால் நல்லது. ஆனால் மரத்துக்கான அளவுகோலில் தெரியும் எண்ணை ஜிப்சத்துக்கு அப்படியே எடுக்கக் கூடாது. அதே சுவரில் நிச்சயமாகக் காய்ந்திருக்கும் ஓர் இடத்தில் ஓர் அளவு, சந்தேக இடத்தில் ஓர் அளவு எடுத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம்தான் பேசும்.

நான்காவது, உரியாமல் நிற்கும் பகுதியின் பிடிமானம். கட்டர் பிளேடால் பெயின்ட் மட்டும் அறும்படி பெருக்கல் குறி ஒன்று கீறி, அதன் மேல் நல்ல ஒட்டுநாடாவை அழுத்தித் தேய்த்து, ஒன்றரை நிமிடம் கழித்து வெடுக்கென்று மடக்கி இழுங்கள். பெயின்ட் துண்டுகள் நாடாவோடு வந்தால், பார்வைக்கு நன்றாக இருக்கும் அந்தப் பகுதியும் உரியக் காத்திருக்கிறது. பல இடத்தில் இப்படி வந்தால் சுவர் முழுவதையும் உரிப்பதுதான் வழி. திட்டுத் திட்டாகச் சரிசெய்தால் ஒவ்வொரு மாதமும் அடுத்த திட்டைத் தேடி ஓட வேண்டியிருக்கும்.

தண்ணீரை நிறுத்துங்கள், பிறகு காத்திருங்கள்

குழாய்க் கசிவு, கூரை ஒழுகல், ஜன்னல் ஓரத்து சிலிகான் பிளவு, குளியல் தொட்டி விளிம்பு, எதுவானாலும் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். நீராவிதான் காரணமென்றால் குளித்து முடித்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேன் 20, 30 நிமிடம் ஓடட்டும்.

அடுத்து, காய விடுவது. அவசரப்படுபவர்கள் ஹீட் கன்னைக் கையில் எடுப்பார்கள். போர்டில் அது வேண்டவே வேண்டாம். ஜிப்சத்தின் எடையில் சுமார் 21 சதவீதம் படிகத்தோடு பிணைந்த தண்ணீர். தொடர்ந்து சூடு பட்டால் அது வெளியேறி போர்டு மாவாகிவிடும். நெடுநேரம் 52 டிகிரி செல்சியஸுக்கு மேல் போர்டு சூடாகக் கூடாது. சாதாரண மின்விசிறியை அந்த இடத்துக்கு நேராக வைத்து, கதவு ஜன்னலைத் திறந்து வைப்பதே போதும். மீட்டரில் இரண்டு இடமும் ஒரே எண்ணைக் காட்டும் வரை காத்திருங்கள்.

போர்டு அமுங்கினால்

நைந்த போர்டை எந்தப் பிரைமரும் காப்பாற்றாது. பூஞ்சணம் காகிதத்துக்குள் இறங்கியிருந்தாலும் அப்படித்தான், மேலே துடைப்பதால் போகாது. மின் இணைப்பும் தண்ணீரும் எங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு, மின்சாரத்தை அணைத்துவிட்டு, கெட்ட பகுதியைச் சதுரமாக அறுத்து எடுங்கள். உள்ளே நிற்கும் சட்டத்தின் நடு வரை அறுத்தால் புதுத் துண்டை ஸ்க்ரூ போட்டு நிறுத்த இடம் கிடைக்கும். சட்டங்கள் பொதுவாக 40 அல்லது 60 சென்டிமீட்டருக்கு ஒன்று இருக்கும். எட்டவில்லை என்றால் பின்னால் மரத்துண்டு ஒன்றைக் கொடுத்து அதில் ஸ்க்ரூ போடலாம். உள்ளே பஞ்சு அடைத்திருந்து அது நனைந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். குளியலறை என்றால் ஈரம் தாங்கும் போர்டு போடுங்கள், பெரும்பாலும் பச்சை நிறக் காகிதத்தோடு வரும்.

என் சுவரில் திறந்த துளையை ஒன்பது நாள் அப்படியே விட்டேன். வீட்டில் எல்லோருக்கும் சலிப்புதான். ஆனால் அந்தத் துளை வழியாகத்தான், அடைத்த குழாய் இணைப்பு மறுபடி வேர்க்கவில்லை என்று தினமும் விரலால் தொட்டு உறுதிசெய்ய முடிந்தது.

சுரண்டுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை

பழைய கட்டடங்களில் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டு உபயோக ஈய பெயின்ட்டைத் தடைசெய்தது 1978-ல்தான், பல நாடுகளில் அதற்கும் பிறகுதான். அந்தக் காலத்து ஜாயின்ட் பட்டியிலும் புடைப்பு வேலைப் பூச்சிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்ததுண்டு. சந்தேகம் இருந்தால் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், முதலில் பரிசோதனைக்கு அனுப்புங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில் இதில் சமரசமே கூடாது. எந்தச் சுவரானாலும் நல்ல தூசி மாஸ்க் அவசியம். ஜிப்சம் தூசி வெகு மெல்லியது, துணி மாஸ்க்கில் நிற்காது.

சுரண்டுவது

அகலமான பட்டித் தகட்டைச் சுவரோடு கிட்டத்தட்டப் படுக்க வைத்து, தளர்ந்த விளிம்புக்கு அடியில் தள்ளுங்கள். தகட்டை நிமிர்த்தினால் முனை காகிதத்தில் குத்தும். நீளமாக உரியும் வகையாக இருந்தால் கையாலேயே, சுவரை ஒட்டி மடக்கிய நிலையில், மெதுவாக இழுங்கள். எங்கே இழுத்தாலும் வராமல் கெட்டியாக நிற்கிறதோ அதுவே எல்லை. அதைத் தாண்டி நோண்டாதீர்கள்.

தண்ணீர் தெளித்து ஊற வைக்காதீர்கள். பெயின்ட் உரிக்கும் ரசாயனம் தடவுவது இரும்புக்கும் மரத்துக்கும் சரி. இங்கே காகிதம் ஊறிவிடும்.

கிழிந்த காகிதம்: பலர் தோற்கும் இடம்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில இடத்தில் மேல் காகிதம் பிய்ந்து, அடியில் பழுப்பு நார் தெரியும். இதன் மேல் பட்டியையோ எமல்ஷனையோ நேராகப் போட்டால் பத்து நிமிடத்தில் நாணய அளவுக் கொப்புளங்கள் கிளம்புவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். பட்டியிலுள்ள தண்ணீரைக் குடித்து நார் உப்பி, காகிதத்தின் ஒரு படலம் இன்னொன்றை விட்டுப் பிரிகிறது. பழுதை நீக்கிய அன்றே புதுப் பழுதை உண்டாக்கும் வேலை இது.

ஆகவே முதலில் கூரான கட்டரால் கிழிசலைச் சுற்றிக் கீறி, தொங்கும் ஓரங்களை வெட்டி எடுங்கள். பிய்த்து எடுக்க வேண்டாம், பிய்த்தால் ஓடிக்கொண்டே போகும். பிறகு அந்த நாரைத் தண்ணீர் கலக்காத ஒன்றால் அடைக்க வேண்டும். அரக்கு சேர்ந்த பிரைமர் இதற்கு மிகப் பொருத்தம், முக்கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். எண்ணெய் பிரைமரும் ஆகும், காய நேரம் எடுக்கும். கிழிந்த போர்டுக்கென்றே விற்கும் நிறமற்ற சீலரும் உண்டு. அரக்குப் பிரைமரின் ஸ்பிரிட் ஆவி தீப்பிடிக்கக்கூடியது, அடுப்பு எரியும் அறையில் அடிக்காதீர்கள். கிழிசலைத் தாண்டி நல்ல பெயின்ட் மேல் இரண்டு விரல் அகலம் வரை பூசுங்கள்.

காய்ந்ததும் தடவினால் நாய்க்குட்டியின் மீசை போல விறைத்த நார் கையில் தட்டுப்படும். 150-ம் நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு, மறுபடி மெல்லிய ஒரு பூச்சு. இப்போதுதான் அந்த இடம் பட்டியைத் தாங்கும்.

ஓரத்தைக் கரைப்பதும் பட்டி பார்ப்பதும்

நிற்கும் பெயின்ட்டுக்கும் சுரண்டிய பள்ளத்துக்கும் நடுவில் ஒரு படி இருக்கும். 120-ம் நம்பர் உப்புத்தாளால் அதைச் சரிவாக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியை ஓட்டினால் படி தெரியக் கூடாது. எனாமல் அடித்த சுவராக இருந்தால், உரியாத பகுதியையும் பளபளப்பு மங்கும் வரை முழுக்கத் தேய்க்க வேண்டும்.

பட்டி விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். செங்கல் சுவருக்குப் போடும் வெள்ளை சிமென்ட் பட்டியைப் போர்டில் போடாதீர்கள். சிமென்ட்டும் ஜிப்சமும் ஈரத்தில் நேராகச் சேர்ந்தால் எட்ரிங்கைட் என்ற படிகம் இரண்டுக்கும் நடுவில் வளர்ந்து பிடிமானத்தைப் பிரித்துவிடும். ஜிப்சம் போர்டுக்கான ஜாயின்ட் பட்டியையே வாங்குங்கள். அது இரண்டு வகை. கலந்தே வாளியில் வருவது தண்ணீர் ஆவியாகிக் காயும், ஒரு கோட்டுக்கு ஒரு நாள் பிடிக்கும், தேய்க்க எளிது. தூளாக வந்து தண்ணீரில் கலப்பது ரசாயன மாற்றத்தில் இறுகும், கெட்டியாக நிற்கும், ஆழமான பள்ளத்துக்கு அதுதான் சரி. முதல் கோட்டுக்குத் தூள் வகை, கடைசி மெல்லிய கோட்டுக்கு வாளி வகை என்பது என் வழக்கம்.

ஒரே கோட்டில் பள்ளத்தை நிரப்ப ஆசைப்பட வேண்டாம், கனமாகப் போட்டால் சுருங்கி வெடிக்கும். மூன்று மெல்லிய கோட்டு, ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு கை அகலம் அதிகமாக. காய்ந்ததும் 220-ம் நம்பர் உப்புத்தாள். தேய்த்தபின் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் ஒளிந்துகொண்ட ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். பென்சிலால் வட்டமிட்டு, அங்கே மட்டும் மீண்டும் கை வையுங்கள்.

தூசி

பிரஷ் முனையுள்ள வாக்குவம் கிளீனரால் மேலிருந்து கீழே இழுங்கள். பிறகு நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒரே ஒரு முறை துடையுங்கள். காய்ந்ததும் உள்ளங்கையைச் சுவரில் அழுத்தி எடுத்து, கறுப்புத் துணியில் தட்டிப் பாருங்கள். வெள்ளைக் கைரேகை பதிந்தால் மறுபடி துடைக்க வேண்டும். பிசுக்கு இருந்த சுவரை மிதமான சோப்புத் தண்ணீரால் கழுவியிருந்தால், சோப்பையும் வெறும் தண்ணீரால் துடைத்து எடுத்திருக்க வேண்டும். தங்கிய சோப்பே அடுத்த கொப்புளத்துக்குக் காரணமாகும்.

பிரைமர், பிறகு பெயின்ட்

பட்டி போட்ட இடத்துக்கு மட்டும் பிரைமர் அடித்தால், பெயின்ட் காய்ந்தபின் அந்தத் திட்டு வேறு பளபளப்பில் பளிச்சென்று தெரியும். மூலையிலிருந்து மூலை வரை சுவர் முழுக்க அடித்துவிடுங்கள். சாதாரணச் சுவருக்கு போர்டுக்கான அக்ரிலிக் பிரைமர் போதும். பழைய எண்ணெய் பெயின்ட்டோ, தண்ணீர்க் கறையோ, வால்பேப்பர் பசையின் மிச்சமோ இருந்தால் எண்ணெய் அல்லது அரக்குப் பிரைமர் வேண்டும். தண்ணீர்க் கறையை எமல்ஷன் மறைக்காது, எத்தனை கோட்டு அடித்தாலும் மஞ்சளாக ஊறி மேலே வரும்.

பிரைமர் காய்ந்ததும் உடனே பெயின்ட் டப்பாவைத் திறக்காமல் ஓர் இரவு விட்டுவிடுங்கள். எங்காவது அடைபடாத நார் இருந்தால் பிரைமரிலேயே சிறு கொப்புளமாகத் தலைகாட்டும். இப்போது வெட்டி அடைப்பது பத்து நிமிட வேலை. பெயின்ட்டுக்குப் பிறகு என்றால் இரண்டு நாள்.

பெயின்ட் அடிக்கும்போது அறை 10 டிகிரிக்குக் கீழே குளிரக் கூடாது, வெயில் நேராக விழும் சுவரில் அந்த நேரத்தில் கை வைக்கக் கூடாது. வழவழப்பான போர்டுக்குக் குட்டை ரோம ரோலர் போதும், 10 மில்லிமீட்டர் சரியாக இருக்கும். நிதானமாக, அழுத்தாமல் ஓட்டுங்கள். கனமான ஒரு கோட்டைவிட மெல்லிய இரண்டு மேல். நடுவில் டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளியை மதியுங்கள், பெரும்பாலும் 2 முதல் 4 மணி நேரம், காற்றில் ஈரம் அதிகமென்றால் இன்னும் கூடுதல். அடிக்கோட்டின் தண்ணீர் வெளியேறும் முன் மேல்கோட்டால் மூடினால் அதுவே கொப்புளமாகும்.

குளியலறை என்றால் கடைசி கோட்டுக்குப் பிறகு குறைந்தது ஒரு நாள் அங்கே வெந்நீர்க் குளியல் வேண்டாம். தொட்டால் காய்ந்தது போலத் தெரிந்தாலும் எமல்ஷன் முழுதாக இறுக இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள், டேப் ஒட்டாதீர்கள், அலமாரியைச் சுவரோடு சேர்த்துத் தள்ளாதீர்கள். குழாய்க் கசிவால் வந்த பழுதென்றால், அந்த மாதம் முழுக்க வாரம் ஒரு முறை அந்த இடத்தில் புறங்கையை வைத்துப் பாருங்கள். பக்கத்துச் சுவரைவிடக் குளிர்ந்திருந்தால் கசிவு இன்னும் நிற்கவில்லை.